தொழிலாளரின் வைப்பு நிதியும் தொழிலாளரின் வீடும்: ஓர் அமானத் பற்றிய விளக்கம்

வங்கக் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் அமைந்தது காட்டுப்பள்ளி. அதற்கு வடக்கே பழவேற்காடு ஏரி. தெற்கே எண்ணூர்க் கழிமுகம். ஒரு தலைமுறைக்கு முன்புவரை வலையும் மரமும் மீனும் இறாலுமே இப்பகுதி மக்களின் வாழ்வாதாரம். 1994இல் வடசென்னை அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. அதுவே இன்று காமராஜர் துறைமுகம். 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அதன்பின் எல் அண்ட் டி நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் எழுந்தன. 2018இல் அத்துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது.

இந்நிறுவனங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைப்போர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். மீஞ்சூரிலும் அத்திப்பட்டிலும் பொன்னேரியிலும் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்து, மூவரும் நால்வருமாகத் தங்கியிருப்போர் இவர்களிற் பலர். ஜுமுஆ தொழுகைக்குப் பின் இத்தகைய இளைஞர்கள் மார்க்க அறிஞர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "ஹஜ்ரத், பி.எஃப். பணத்தோடு சேர்த்துத் தருகிறார்களே, அது வட்டி ஆகாதா?" இக்கேள்விக்கு ஃபிக்ஹ் நூல்களின் வழிநின்று விடை கூறப்பட்டே வந்துள்ளது. ஆயின் அதனினும் முக்கியமான வேறொரு வினா கேட்கப்படுவதேயில்லை. மாதந்தோறும் கூலியிலிருந்து பிடிக்கப்படும் அப்பணம் ஓய்வுக்காலம் வரை எங்கே போகிறது? வீடற்ற தொழிலாளியின் பணம் தொழிலாளிக்கு வீடு கட்டப் பயன்படலாகாதா? பயன்படலாம் எனில் எவ்வகையில்? இவ்வினாக்களையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

நிதியின் வழி

இந்திய நாட்டில் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைந்தது. தொழிலாளியின் ஊதியத்தில் 12 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். முதலாளி செலுத்துவதில் 8.33 விழுக்காடு 1995ஆம் ஆண்டு தொடங்கிய ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்கிறது. எஞ்சியது வைப்பு நிதியில் சேர்கிறது. இவ்வாறு திரண்டிருக்கும் தொகை 20 லட்சம் கோடி ரூபாயை விஞ்சியது. இதனை நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழுவில் அரசின் பிரதிநிதிகளோடு முதலாளிகள் தரப்பில் பதின்மரும், தொழிற்சங்கங்களின் தரப்பில் பதின்மரும் இடம்பெறும் ஏற்பாடு உண்டு.

இப்பணத்தை எங்கெங்கு இடவேண்டும் என்பதை மத்திய அரசு விதித்துள்ளது. 2015இல் வெளியான முதலீட்டு முறையை நோக்கின், பெரும்பகுதி அரசின் கடன் பத்திரங்களுக்கும் நிறுவனங்களின் கடன் பத்திரங்களுக்குமே உரியது. 5 முதல் 15 விழுக்காடு வரை பங்குச் சந்தைக்குச் செல்லலாம். வீட்டு அடமானக் கடன்களைச் சார்ந்த பத்திரங்கள், ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகள் ஆகியவை அடங்கிய பிரிவுக்கு 5 விழுக்காடே உச்ச வரம்பு. ஆக, தொழிலாளியின் பணத்துக்கும் வீட்டுக் கட்டுமானத்துக்கும் இடையிலுள்ள நேரடித் தொடர்பு மிகமிகக் குறைவு.

ஃபிக்ஹின் பார்வையில் இப்பணம்

வைப்பு நிதியோடு சேர்த்து அளிக்கப்படும் மிகுதிப் பணம் பற்றி, சென்ற நூற்றாண்டின் பேரறிஞர் முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் (1897–1976) தனி ஆய்வே எழுதியுள்ளார்கள். அவர்களின் வாதம் சுருக்கமாக இதுவே: கட்டாயமாகப் பிடிக்கப்படும் தொகை தொழிலாளியின் கைவசம் வந்து சேரவேயில்லை, கைவசமாகாத பொருளை அவன் எவருக்கும் கடனாகக் கொடுத்தான் எனக் கூறவியலாது, கடன் இல்லாத இடத்தில் ரிபாவும் இல்லை, எனவே பின்னர்க் கிடைக்கும் மிகுதி, ஊதியத்தின் தொடர்ச்சியாகவே கருதப்படும். அதேவேளை, தானே விரும்பிக் கூடுதலாகச் செலுத்தும் தொகைக்குக் கிடைக்கும் மிகுதியைத் தவிர்ப்பதே பேணுதல் என்பது அறிஞர்களின் அறிவுரை.

இத்தீர்ப்பு, பணத்தைப் பெறும் தொழிலாளியின் நிலையைத் தெளிவாக்குகிறது. அப்பணத்தைக் கையாளும் அறங்காவலரின் நிலையை அது பேசவில்லை. பேசுவது அதன் நோக்கமும் அன்று. ஃபிக்ஹில் அந்நிலைக்குரிய பாடம் வேறிடத்தில் உள்ளது. அனாதையின் சொத்தைக் காக்கும் வஸீக்கும், வக்ஃபை நிர்வகிக்கும் முதவல்லிக்கும் நம் இமாம்கள் வகுத்த விதிகளே அவை. முதவல்லி வக்ஃபுச் சொத்தை உரிய வாடகைக்குக் குறைத்து விடலாகாது; நீண்ட கால குத்தகையைத் தன் விருப்பப்படி எழுதிக் கொடுக்கலாகாது. ஹனஃபி சட்ட அறிஞர்களிற் பிற்காலத்தோர் வீட்டுக்கு ஓராண்டும் நிலத்துக்கு மூன்றாண்டும் எனப் பொதுவரம்பு கட்டி, நன்மை தெளிவாயின் மட்டுமே விலக்களித்தனர். பிறர் பொருளைக் கையாள்பவனின் கைகளுக்கு ஒரு கட்டு வேண்டும் என்பதே இதன் உட்பொருள். தொழிலாளரின் வைப்பு நிதியும் அத்தகையதோர் அமானத்தே. அதை வீட்டுக் கட்டுமானத்தில் இடுவதற்கு உலகில் மூன்று வழிகள் கையாளப்பட்டுள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதல் வழி: கடன் கொடுத்தல்

அமெரிக்க நாட்டின் தொழிற்சங்கக் கூட்டமைப்பாகிய ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. 1965இல் வீட்டு அடமான முதலீட்டு அறக்கட்டளை ஒன்றை நிறுவியது. 1984இல் அது வீட்டுவசதி முதலீட்டு அறக்கட்டளையாக வளர்ந்தது. சங்கங்களின் ஓய்வூதிய நிதிகள் இதில் பணம் இடுகின்றன. அப்பணம் பெரும்பாலும் அரசின் காப்புறுதி பெற்ற அடமானப் பத்திரங்களின் வழியே குடியிருப்புக் கட்டுமானத்துக்குச் செல்கிறது. அக்கட்டடங்களைச் சங்கத் தொழிலாளரே கட்டவேண்டும் என்பது நிபந்தனை. கொத்தனாரின் ஓய்வூதியப் பணமே கொத்தனாருக்கு வேலையும் தருகிறது. நகரத்து எளியோருக்கு வீடும் தருகிறது. நோக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் இதன் அடித்தளம் வட்டிக் கடன். அரசின் காப்புறுதி என்னும் தூண் இருப்பதாலேயே அது நிலைத்து நிற்கிறது.

அத்தூண் இல்லாதவிடத்து நேர்வது யாது? விடையை உத்தரப் பிரதேசத்தில் கண்டோம். அம்மாநில மின்வாரிய ஊழியர்களின் வைப்பு நிதியிலிருந்து 2017 தொடங்கி 2018 முடிய 4,100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை, திவான் ஹவுசிங் எனப்படும் டி.எச்.எஃப்.எல். நிறுவனத்தில் இடப்பட்டது. எளிய, நடுத்தர வருவாயினருக்கு வீட்டுக் கடன் வழங்குவதைத் தன் தொழிலாகக் கொண்டிருந்த நிறுவனம் அது. 2019இல் அது தள்ளாடியபோது 2,260 கோடி ரூபாய்க்கு மேல் திரும்பாமல் சிக்கிக்கொண்டது. ஊழியர்களும் பொறியாளர்களும் வீதியில் இறங்கினர். உயர் அதிகாரிகள் கைதாயினர். அந்த ஆண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி நிறுவனத்தின் இயக்குநர் குழுவையே கலைத்தது. 2021இல் பிரமல் குழுமம் அந்நிறுவனத்தை வாங்கியது.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்றுண்டு. ஏட்டளவில் அப்பணம் வீட்டுவசதித் துறைக்கே போயிற்று. ஆனால் ஊழியருக்கும் செங்கல்லுக்கும் இடையில் கடன்மேல் கடனாகச் சங்கிலி நீண்டிருந்தது. எந்த வீடு தம் பணத்தால் எழுந்தது எனச் சுட்டிக்காட்ட ஊழியரால் இயலவில்லை. நிறுவனம் வீழ்ந்தபோது அவர் கையில் இருந்தது காகிதமே. வீட்டின் ஒரு சுவரும் அவருக்குரியதாய் இருக்கவில்லை. கடனுக்குக் கிடைக்கும் ஆதாயத்தை ஷரீஅத் ஏன் விலக்கிற்று என வினவுவோர்க்கு, நட்டத்தையும் பொருளையும் ஒன்றாகப் பிணைக்காத கொடுக்கல் வாங்கலின் தன்மையை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இரண்டாம் வழி: உறுப்பினர் கையில் விடுவித்தல்

நம் தமிழ் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் சிங்கப்பூரில் மத்திய சேமநிதி 1955இல் தொடங்கியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் அமைந்தது. 1968இல் சட்டத்தைத் திருத்தி, தொழிலாளர் தம் சேமநிதிப் பணத்தைக் கொண்டே கழகத்தின் அடுக்குமாடி வீட்டை வாங்க வழி செய்தனர். குடிசைகளும் நெருக்கடி மிகுந்த கடைவீடுகளுமாய் இருந்த அவ்வூரில் இன்று முக்கால் பங்குக்கு மேற்பட்ட மக்கள் கழகத்தின் வீடுகளிலேயே வாழ்கின்றனர். வீடுகள் 99 ஆண்டுக் குத்தகை உரிமையில் வழங்கப்படுகின்றன. நிலம் அரசிடமே இருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். சேமிப்பு முழுதும் வீட்டில் அடங்கிவிட்டதால், முதுமையில் வீடு உண்டு, செலவுக்குப் பணம் இல்லை என்னும் நிலை பலருக்கு ஏற்பட்டது. 2009இல் எஞ்சிய குத்தகைக் காலத்தின் ஒரு பகுதியைக் கழகமே திரும்ப வாங்கிக்கொண்டு முதியோருக்கு வருவாய் அளிக்கும் திட்டம் கொண்டுவரப்பட்டதன் காரணம் இதுவே.

இந்தியாவிலும் 2017இல் வைப்பு நிதித் திட்டம் திருத்தப்பட்டது. குறைந்தது பத்து உறுப்பினர் சேர்ந்த கூட்டுறவுச் சங்கமோ வீட்டுவசதிச் சங்கமோ அமைத்தால், அவர்கள் தம் கணக்கில் உள்ளதில் 90 விழுக்காடு வரை எடுத்து வீடு வாங்கலாம். மாதத் தவணையையும் கணக்கிலிருந்தே செலுத்தலாம் என்பது அத்திருத்தம். கருத்து நன்றே. ஆனால் காட்டுப்பள்ளியில் ஒப்பந்தக் கூலியாய் மூன்றாண்டு உழைத்தவனின் கணக்கில் என்ன இருக்கும்? மாதம் 15,000 ரூபாய் ஊதியம் என்று கொள்வோம். அவன் பங்காக 1,800 ரூபாயும் முதலாளி பங்கில் எஞ்சும் 550 ரூபாயும் சேர்ந்து மாதத்துக்கு 2,350 ரூபாய். மூன்றாண்டில் அசல் 84,600 ரூபாய். சென்னையைச் சூழ்ந்த பகுதிகளில் இத்தொகை மனைக்கு முன்பணமாகவும் போதாது. சிங்கப்பூரில் விடுவித்த பணத்துக்கு எதிரே அரசு கட்டிய வீடு தயாராக நின்றது. நம் நாட்டிலோ பணத்தை விடுவித்தோம், வீட்டைக் கட்டவில்லை.

மூன்றாம் வழி: நிதியமே கட்டி உரிமை கொள்ளுதல்

மலேசியாவின் ஊழியர் சேமநிதி வாரியம் சுங்கை பூலோவில் இரப்பர் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொந்தமாயிருந்த நிலத்தில் குவாசா டாமன்சாரா என்னும் நகரியத்தைத் தன் துணை நிறுவனத்தின் வழியே உருவாக்கி வருகிறது. அதே வாரியம் 2017 சனவரி முதல், விரும்பும் உறுப்பினரின் சேமிப்பை ஷரீஅத் நெறிப்படி மட்டுமே முதலீடு செய்யும் தனிப் பிரிவையும் நடத்துகிறது. அந்நகரியம் எளியோருக்கென்றே எழுந்ததன்று. ஆயினும் ஓய்வூதிய நிதியம் கடன் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், தானே நிலத்துக்கும் கட்டடத்துக்கும் உடைமையாளராகலாம் என்பதற்கு அது சான்று.

தமிழகத்தில் தொழிலாளருக்கான வாடகைக் குடியிருப்புக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், மின்னணுத் தொழிற்சாலைப் பெண்கள் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாயில் இதனைக் கட்டியது. செலவின் பெரும்பகுதி வங்கிக் கடன். அதில் தங்கும் பெண்களுக்கும் வைப்பு நிதிப் பிடித்தம் உண்டு. அப்பணம் பத்திரங்களில் இருக்க, அவர்களின் விடுதிக்கு வங்கியில் வட்டிக்குக் கடன் வாங்க நேர்ந்தது.

ஃபிக்ஹ் நூல்களில் இம்மூன்றாம் வழிக்கு மூன்று ஒப்பந்தங்கள் துணைநிற்கின்றன. முதலாவது இஸ்திஸ்னாஃ: இன்ன அளவில், இன்ன பொருள் கொண்டு, இன்ன நாளுக்குள் கட்டித் தருக எனக் கட்டுநரோடு செய்துகொள்ளும் உடன்பாடு. ஹனஃபி மத்ஹபில் இது தனி ஒப்பந்தமாக ஏற்கப்பட்டது. ஷாஃபிஈ மத்ஹபில் ஸலம் என்னும் முன்விலை வணிகத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டே இடம் பெற்றது. 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வேலை முடிய முடியத் தவணையாய் விலை கொடுக்கவும் இடமளித்து இதனை அங்கீகரித்தது. இரண்டாவது இஜாரா: கட்டிய வீட்டை வாடகைக்கு விடுதல். மூன்றாவது முஷாரகா முதனாகிஸா, அதாவது குறைந்து வரும் கூட்டுடைமை.

இம்மூன்றாவதை ஒரு கணக்கால் விளக்குவோம். மனை அரசு அளித்தது; கட்டுமானச் செலவு 6 லட்சம் ரூபாய் எனக் கொள்க. இதனை 6,000 ரூபாய் வீதம் 100 பங்காக்குவோம். தொழிலாளி 10 பங்கும் நிதியம் 90 பங்கும் இடுகின்றனர். வீட்டின் நியாய வாடகை மாதம் 3,000 ரூபாய் எனில், நிதியத்தின் பங்குக்குரிய 2,700 ரூபாயை அவன் வாடகையாகச் செலுத்துவான். அத்தோடு ஆண்டுக்கு 4 பங்கு வாங்க மாதம் 2,000 ரூபாய் தருவான். பத்தாண்டில் நிதியத்தின் பங்கு 50 ஆகும். வாடகையும் 1,500 ரூபாயாய்க் குறையும். இருபத்து மூன்றாம் ஆண்டில் வீடு முழுதும் அவனுடையது. வேலை போய்விட்டால் பங்கு வாங்குவதை நிறுத்திக்கொண்டு வாடகை மட்டும் செலுத்தலாம். வட்டிமேல் வட்டி ஏறாது. வீடு நெருப்பிலோ வெள்ளத்திலோ சேதமுற்றால், நட்டம் அவரவர் பங்கின் அளவுக்கு இருவரையும் சேரும்.

ஈண்டு ஒரு சிக்கலை மறைத்தல் தகாது. ஆண்டுக்கு 36,000 ரூபாய் வாடகை, 6 லட்சம் ரூபாய்க்கு 6 விழுக்காடே ஆகும். 2023–24ஆம் ஆண்டுக்கு வைப்பு நிதிக்கு அறிவிக்கப்பட்டதோ 8.25 விழுக்காடு. இடையிலுள்ள குறைவை யார் தாங்குவது? வீடு பெற்றவனுக்காக வீடு பெறாத தொழிலாளியின் முதுமைக் காசைச் சத்தமின்றிக் குறைப்பது அமானத்துக்கு மாறானது. நிலத்தை விலையின்றி அளித்தும், வரியைத் தள்ளியும் அக்குறைவை ஈடுசெய்வது அரசின் கடமை. பங்குகளை அவ்வப்போதைய சந்தை மதிப்பில் விற்பதாய் உடன்பட்டால், விலையேற்றத்தில் நிதியத்துக்கும் பங்கு கிட்டும். ஆனால் தொழிலாளியின் சுமை கூடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வரம்பைக் காண்பதே நிர்வாகத் திறமை. எனவேதான் நிதியின் ஒரு சிறு பங்கை மட்டுமே இவ்வழியில் இடவேண்டும் என்கிறோம்.

சங்கத்தின் கண்காணிப்பு

ஒப்பந்தம் செம்மையாயினும் மேற்பார்வை இன்றேல் பயனில்லை. மகாராட்டிரத்தின் சோலாப்பூரில் பீடி சுற்றும் பெண்களுக்காக சி.ஐ.டி.யு. சங்கம் நடத்திய முயற்சி இங்கு நினைக்கத்தக்கது. கூட்டுறவுச் சங்கம் அமைத்து, கும்பாரி கிராமத்தில் கோதாவரி பருலேகர் பெயரில் 10,000 வீடுகளை எழுப்பி 2006இல் ஒப்படைத்தனர். மத்திய அரசு, மாநில அரசு, தொழிலாளி என மூவரும் தலைக்கு 20,000 ரூபாய் இட்டனர். அவ்வனுபவத்தின் மேலேயே ராய்நகர் என்னும் 30,000 வீட்டுத் திட்டம் வளர்ந்தது. அதில் 15,000 வீடுகள் 2024 சனவரியில் கையளிக்கப்பட்டன. அங்கே இடப்பட்டது வைப்பு நிதியன்று, சொந்தச் சேமிப்பு. ஆனால் தன் 20,000 ரூபாய் எந்தச் சுவராய் நிற்கிறது என்பதை அப்பெண் நேரில் கண்டாள். உத்தரப் பிரதேச ஊழியருக்கு வாய்க்காதது அதுவே.

வாணியம்பாடி, மேலப்பாளையம் போன்ற ஊர்களில் பீடித் தொழிலை நம்பி வாழும் நம் சமுதாயப் பெண்கள் பல்லாயிரவர். சங்கத் தலைவர்களும் ஜமாஅத்தினரும் சோலாப்பூரை ஒருமுறை சென்று கண்டுவருதல் நலம்.

நிலமும் நிதிக்கு வெளியே நிற்போரும்

வீடு கட்ட நிலம் வேண்டும். அந்நிலம் எவருடையது என்னும் வினா காட்டுப்பள்ளியில் வெறும் ஏட்டு வினாவன்று. கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்தின் மீனவக் குடும்பங்கள் தம் கடற்கரையை விட்டு வேறிடம் பெயர்ந்தன. நிரந்தர வேலை கோரி அம்மக்கள் பலமுறை போராடியிருக்கின்றனர். துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்தை ஏரியையும் கடலையும் நம்பிய ஊர்கள் எதிர்த்தன. 2021இலும் 2023இலும் அறிவிக்கப்பட்ட மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. மீனவனின் கரையைப் பறித்து எழுப்பிய வீடு தொழிலாளிக்கு நியாயமான வீடாகாது. பறித்த நிலத்தில் தொழுவதையே நம் இமாம்கள் விவாதத்துக்கு உள்ளாக்கினர். குடியிருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

மேலும், மீனவனுக்கு முதலாளி இல்லை. ஆகவே வைப்பு நிதியும் இல்லை. பழவேற்காடு ஏரியில் பாடு என்றொரு முறை வழங்குகிறது. மீன்பிடிக்கும் இடங்களை ஊர்களும் குடும்பங்களும் முறைவைத்துப் பகிர்ந்து கொள்கின்றன. ஏரியை எவரும் விற்பதில்லை. அதன் பயனை மட்டும் தத்தம் முறை வரும்போது துய்க்கின்றனர். பொருளை நிலைநிறுத்திப் பயனைப் பகிர்வது என்னும் வக்ஃபின் கருத்துக்கு இது அண்மையானது. ஆயினும் பரம்பரை உரிமை இல்லாதவர்க்குப் பாட்டில் இடமில்லை. வைப்பு நிதியும் அதுபோன்றதே: கணக்கு எண் உள்ளவர் உள்ளே, மற்றவர் வெளியே. நிதியத்தின் வீடுகளிற் சில, நிலமிழந்த ஊராருக்கு அதே வாடகையில் ஒதுக்கப்படுமாயின் இக்குறை ஓரளவு நீங்கும்.

அமைப்புசாராத் தொழிலாளருக்கும் வழியுண்டு. தமிழகக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இயங்குகிறது. கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தீர்வையாய் அதற்கு வந்து சேர்கிறது. பதிவு பெற்ற தொழிலாளிக்கு வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் வரை உதவும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. மனை உள்ளவனுக்கு அது பெரும் பேறு. மனையற்றவன் அரசு அடுக்குமாடியில் இடம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றால் நாம் வந்தடையும் முடிவு இது: தொழிலாளரின் நிதியைக் கொண்டு தொழிலாளருக்கு வீடு கட்டுதல் ஆகுமானது மட்டுமன்று, விரும்பத்தக்கதும் ஆகும், ஆனால் பணம் கடனாய்ச் சென்று மறையாமல், உடைமையாய்க் கண்முன் நிற்கவேண்டும்.

இதன்பொருட்டு அறங்காவலர் குழுவில் அமரும் சங்கப் பிரதிநிதிகள் சிலவற்றைக் கேட்டுப் பெறலாம். 5 விழுக்காட்டுப் பிரிவுக்குள்ளேயே, தொழிற்பேட்டைகளை அடுத்த வாடகைக் குடியிருப்புக்கென ஒரு பகுதியை ஒதுக்குதல். அதில் நிதியத்தின் பெயரிலேயே பத்திரப்பதிவு செய்தல். ஒவ்வொரு கட்டடத்தின் வரவு செலவையும் ஆண்டுதோறும் தமிழில் வெளியிடுதல். கட்டும் தொழிலாளிக்கும் வைப்பு நிதிப் பிடித்தம் உண்டா எனச் சரிபார்த்தல். விருப்பமுள்ள உறுப்பினருக்கு வட்டி கலவாத தனிக்கணக்கு அமைத்தல்.

அரபுக் கல்லூரிகளின் பொறுப்பும் இதில் உண்டு. ஹிதாயாவிலும் மின்ஹாஜிலும் இஜாரா, ஷிர்கத் பாடங்களை நம் மாணவர் ஆண்டுதோறும் ஓதுகின்றனர். அப்பாடம் முடிந்த வாரத்தில் ஒரு தொழிலாளியின் ஊதியச் சீட்டையும், ஒரு வாடகை ஒப்பந்தத்தையும் அவர்கள் முன் வைத்து, இதில் உடைமையாளர் யார், நட்டத்தைத் தாங்குபவர் யார், அமானத்தைக் காப்பவர் யார் எனக் கேட்டுப் பார்க்கலாம். மீஞ்சூர்ப் பள்ளியில் ஜுமுஆவுக்குப் பின் எழும் கேள்விக்கு நாளை விடை கூறப்போகிறவர்கள் அவர்களே.